வயிற்றுக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும்? சென்சிடிவிட்டி டெஸ்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

எச். பைலோரி கிருமி இருக்கிறது என்று டெஸ்டில் வந்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை 14 நாளும் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டாயிற்று. ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்தால், கிருமி அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில் வந்து நிற்கிறவர்கள் நிறையப் பேர். ‘நான்தான் ஏதோ சரியாகச் சாப்பிடவில்லை போல’ என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பல நேரங்களில் அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. கொடுத்த ஆன்டிபயாடிக்குகளில் ஒன்று அந்தக் கிருமியிடம் எடுபடாத மருந்தாக இருந்திருக்கிறது.

எந்த மருந்து எடுபடும், எது எடுபடாது என்பதை மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதுதான் சென்சிடிவிட்டி டெஸ்ட். சிறுநீரில் தொற்று என்றால் இந்த டெஸ்டைச் செய்வது சர்வ சாதாரணம். வயிற்றுக் கிருமி விஷயத்தில் மட்டும் பல ஆண்டுகளாக அதைச் செய்யாமலே மருந்து எழுதிவந்திருக்கிறோம். ஏன் அப்படி ஆனது, இப்போது என்ன மாறியிருக்கிறது, ரிப்போர்ட் கைக்கு வந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன உணவால் வருகிற வாந்தி, வயிற்றுப்போக்கு வேறு கதை. அது பெரும்பாலும் குடலில் நடப்பது, பலருக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே சரியாகிவிடும். இங்கே பேசுவது இரைப்பையிலேயே குடியிருக்கிற ஹெலிகோபாக்டர் பைலோரியைப் பற்றி.

இரைப்பையில் குடியிருக்கும் கிருமி

இரைப்பையில் சுரக்கும் அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க முடியாது என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமிகளை வாரன் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். ஆனால் ஆய்வகத்தில் அதை வளர்க்க முடியவில்லை. வழக்கப்படி இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒன்றும் வளரவில்லை என்று தட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் சில தட்டுகள் கூடுதல் நாட்கள் அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பலமுறை சொல்லப்பட்ட கதைதான். ஆனால் இந்தக் கட்டுரைக்குத் தேவையான முக்கியமான தகவல் அதில் இருக்கிறது: இந்தக் கிருமி மிக மெதுவாக வளரும். சென்சிடிவிட்டி டெஸ்ட் இத்தனை காலம் வழக்கத்துக்கு வராமல் போனதற்கு அதுதான் பெரிய காரணம்.

கிருமி அமிலத்தில் நேரடியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. இரைப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. தொற்றிய பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவே தெரியாது. சிலருக்கு இரைப்பைப் புண், சிறுகுடல் புண், நாள்பட்ட அழற்சி, மிகச் சிலருக்குப் புற்றுநோய் என்று போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதனால்தான் இதை விரட்டுவதில் இவ்வளவு அக்கறை.

ஊகத்தில் ஓடிய சிகிச்சை

ஒரே ஒரு ஆன்டிபயாடிக்கால் இந்தக் கிருமியை ஒழிக்க முடியாது. சளிப்படலத்துக்குள் மருந்து போய்ச் சேர்வதே சிரமம், அமிலம் சில மருந்துகளைச் சிதைத்துவிடும், அரைகுறையாகத் தாக்கினால் தப்பிய கிருமிகள் எதிர்ப்புத்தன்மையோடு மீண்டும் பெருகும். எனவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கமானது. கிளாரித்ரோமைசினும் அமாக்ஸிசிலினும் சேர்ந்த மும்மருந்து முறை 1990களில் நன்றாகவே வேலை செய்தது. கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிறது என்னும்போது, டெஸ்ட் செய்து பார்ப்போம் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் நிலைமை மாறியது. சளி, இருமல், தொண்டை வலி என்று சாதாரணத் தொந்தரவுகளுக்கெல்லாம் அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் தாராளமாகப் பயன்பட்டன. இரண்டும் ஒரே குடும்பம். தொண்டைக்காகச் சாப்பிட்ட மாத்திரை இரைப்பைக்கும் போகிறது. அங்கே இருக்கும் கிருமிகளில் பலவீனமானவை சாகின்றன, தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. தனக்குள் இப்படி ஒரு கிருமி இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்துகள் அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளைப் பட்டியலிட்டபோது, கிளாரித்ரோமைசினுக்குக் கட்டுப்படாத எச். பைலோரியை ‘உயர் முன்னுரிமை’ வரிசையில் வைத்தது. ஓர் ஊரில் இந்த எதிர்ப்புத்தன்மை 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், டெஸ்ட் செய்யாமல் கிளாரித்ரோமைசின் மும்மருந்து முறையைக் கொடுக்க வேண்டாம் என்பது ஐரோப்பிய மருத்துவர்களின் மாஸ்ட்ரிக்ட் வழிகாட்டுதல். அந்த எல்லையை உலகின் பல பகுதிகள் எப்போதோ தாண்டிவிட்டன.

கிருமிக்குள் நடந்திருக்கும் மாற்றம் எவ்வளவு சின்னது என்பதுதான் என்னை இன்னமும் வியக்க வைக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துவது கிளாரித்ரோமைசினின் வழி. அது ஒட்டும் இடத்துக்கான மரபுக்குறியில் 2142 அல்லது 2143 என்ற இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. கிருமியின் மரபணுத் தொகுதியில் 16 லட்சம் எழுத்துகளுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்று மாறியதில் இரண்டு வார வைத்தியம் வீணாகிறது.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

டெஸ்டுக்கு இரண்டு வழிகள். கிருமியை வளர்த்து, மருந்தைக் காட்டிப் பார்ப்பது பழைய வழி. கிருமியின் மரபணுவிலேயே எதிர்ப்பின் தடயத்தைத் தேடுவது புதிய வழி.

வளர்ப்பதற்கு எண்டோஸ்கோப்பி வழியாகத் திசு எடுக்க வேண்டும். அதற்கு முன்பே சில நிபந்தனைகள் இருக்கின்றன. ஆன்டிபயாடிக்கும், பிஸ்மத் என்ற வயிற்று மருந்தும் நிறுத்தி நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். இதை யாரும் சொல்லாமல் விட்டு, நோயாளி காலையில் மாத்திரை போட்டுக்கொண்டே வந்து படுத்தால், கிருமி இருந்தும் வளராமல் போகலாம். எண்டோஸ்கோப்பிக்குத் தேதி குறிக்கும்போதே ‘எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்’ என்று கேட்டுவிடுவது நல்லது. சொந்த முடிவில் நிறுத்த வேண்டாம். ரத்தக்கசிவுள்ள புண் இருப்பவர்களுக்கு அமில மாத்திரையை நிறுத்துவதே ஆபத்தாகிவிடும்.

திசுத் துணுக்கை இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் தனித்தனியாக எடுக்கிறார்கள். ஒரே வயிற்றில் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியும் கட்டுப்படாத கிருமியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம் என்பதே காரணம். ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். எடுத்த துணுக்கை அதற்கான ஊடகத்தில் போட்டு, குளிர்ச்சியாக வைத்து, முடிந்தவரை ஒரு நாளுக்குள் ஆய்வகத்துக்குச் சேர்க்க வேண்டும். கிருமி மிகவும் நுணுக்கமானது. உலர்ந்தாலோ, காற்றில் அதிக நேரம் கிடந்தாலோ இறந்துவிடும்.

ஆய்வகத்தில் ரத்தம் கலந்த ஊட்டத் தட்டில் திசுவைத் தேய்த்து, 37 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜன் 5 சதவீதம் அளவுக்கே உள்ள ஈரமான பெட்டியில் வைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது இந்தக் கிருமிக்கு ஆகாது. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் காத்திருந்தால், ஊசிமுனை அளவில் கண்ணாடி போன்ற சின்னச் சின்னத் துளிகளாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். அவற்றை எடுத்துப் புதிய தட்டில் சமமாகப் பரப்பி, அதன்மேல் மருந்து தடவிய ஒரு மெல்லிய பட்டையை வைக்கிறார்கள். பட்டையின் ஒரு முனையில் மருந்து அதிகம், மறுமுனைக்குப் போகப்போகக் குறைவு. பக்கத்தில் அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். மறுபடி மூன்று நாள் கழித்துப் பார்த்தால், பட்டையைச் சுற்றி கிருமி வளராத ஒரு நீள்வட்டம் தெளிவாகத் தெரியும். அந்த வட்டத்தின் கூம்பிய ஓரம் பட்டையைத் தொடும் இடத்தில் உள்ள எண்தான், கிருமியை வளரவிடாமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு. ரிப்போர்ட்டில் இதை எம்.ஐ.சி. என்று போடுவார்கள். பட்டையைச் சுற்றி வட்டமே இல்லாமல் கிருமி ஓரம் வரை வளர்ந்திருந்தால், அந்த மருந்து அதை அசைக்கவே இல்லை என்று பொருள்.

மொத்தத்தில் இரண்டு வாரம் போய்விடுகிறது. எல்லா மாதிரியிலும் கிருமி வளர்வதும் இல்லை.

புதிய வழி இந்தச் சிரமத்தைப் பெருமளவு குறைத்திருக்கிறது. திசுவிலிருந்து கிருமியின் மரபணுவைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் 2142, 2143 போன்ற குறிப்பிட்ட இடங்களில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிருமி உயிரோடு இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஓரிரு நாளில் விடை கிடைத்துவிடும். மலத்தில் வெளியேறும் கிருமியின் மரபணுவை வைத்தும் இதைச் செய்ய முடிகிறது; அப்படியானால் எண்டோஸ்கோப்பியும் தேவையில்லை. எண்டோஸ்கோப்பியின்போது கிருமி இருக்கிறதா என்று பார்க்கத் திசுவைப் போடும் யூரியேஸ் டெஸ்டின் மிச்சத் துணுக்கைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம். குப்பைக்குப் போகிற துணுக்கிலிருந்து இவ்வளவு முக்கியமான தகவலை எடுக்க முடிகிறது என்பது உண்மையிலேயே நல்ல செய்தி.

ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்

கையில் ரிப்போர்ட் கிடைத்ததும் பலரும் செய்வது, எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது சின்ன எண்ணோ அதுவே நல்ல மருந்து என்று முடிவுகட்டுவது. அது தவறு. எம்.ஐ.சி. எவ்வளவுக்கு மேல் போனால் மருந்து எடுபடாது என்பதற்கு ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு; ஐரோப்பிய அளவுகோலில் அமாக்ஸிசிலினுக்கு அது 0.125, மெட்ரோனிடசோலுக்கு 8. ஒருவருடைய ரிப்போர்ட்டில் அமாக்ஸிசிலின் 0.25, மெட்ரோனிடசோல் 4 என்று இருக்கிறது என்று வையுங்கள். எண்ணில் சின்னது அமாக்ஸிசிலின்தான், ஆனால் அது தன் எல்லையைத் தாண்டிவிட்டது. மெட்ரோனிடசோல் எல்லைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு மருந்தையும் அதனதன் எல்லையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆய்வகம் பக்கத்திலேயே ‘சென்சிடிவ்’ அல்லது ‘ரெசிஸ்டன்ட்’ என்று எழுதிக் கொடுக்கிறது.

சரி, அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? இங்கேதான் மருந்துக்கு மருந்து வித்தியாசம் வருகிறது. என்னைக் கேட்டால், இந்த டெஸ்ட் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான விஷயமே இதுதான்.

கிளாரித்ரோமைசினுக்கு ‘ரெசிஸ்டன்ட்’ என்று வந்தால் அது கறாரான தீர்ப்பு. அளவைக் கூட்டினாலும் நாளைக் கூட்டினாலும் பயன் இல்லை. அந்த மருந்தை ஒதுக்கிவிட வேண்டியதுதான். லெவோஃப்ளாக்ஸாசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேறு தொற்றுகளுக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்ஸாசின் போன்ற மருந்துகளை அடிக்கடி சாப்பிட்டவர்களிடம் இந்த எதிர்ப்பு அதிகம். இந்த இரண்டு மருந்துகளுக்கும் மரபணு டெஸ்டே நன்றாக விடை சொல்லிவிடும்.

மெட்ரோனிடசோல் விஷயம் வேறு. அது கிருமிக்குள் போனபிறகு, கிருமியின் சொந்த நொதியாலேயே மாற்றப்பட்டுத்தான் விஷமாகிறது. அந்த நொதியைக் கெடுக்கும் மரபணு மாற்றங்கள் ஏராளம், ஒன்றிரண்டு குறிப்பிட்ட இடங்களில் தேடிக் கண்டுபிடித்துவிட முடியாது. அதனால் மரபணு டெஸ்ட் இங்கே அவ்வளவாக உதவுவதில்லை. வளர்த்துப் பார்க்கும் டெஸ்டில்கூட, பெட்டியில் ஆக்சிஜன் அளவு கொஞ்சம் மாறினால் விடையும் மாறலாம். அதைவிட முக்கியம், தட்டில் ‘ரெசிஸ்டன்ட்’ என்று வந்த கிருமியும், பிஸ்மத்தோடும் டெட்ராசைக்ளினோடும் சேர்த்து, போதிய அளவில், 14 நாள் முழுக்கக் கொடுத்தால் பல நேரம் ஒழிந்துவிடுகிறது. எனவே மெட்ரோனிடசோலுக்கு எதிரே அந்தச் சொல்லைப் பார்த்ததும் பயந்துபோக வேண்டாம். டாக்டர் அதையே எழுதிக் கொடுத்தால், ரிப்போர்ட்டைக் கவனிக்கவில்லை என்று அர்த்தமும் இல்லை.

அமாக்ஸிசிலின், டெட்ராசைக்ளின் இரண்டுக்கும் எதிர்ப்பு பெரும்பாலான இடங்களில் அரிது. ஒருமுறை பயன்படுத்தித் தோற்றாலும் மறுபடி பயன்படுத்தலாம். கிளாரித்ரோமைசினையும் லெவோஃப்ளாக்ஸாசினையும் அப்படித் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

‘சென்சிடிவ்’ என்று வந்தும் சிகிச்சை தோற்பது உண்டு. தட்டில் கிருமிக்கும் மருந்துக்கும் நடுவில் எதுவும் இல்லை. வயிற்றில் அமிலம் இருக்கிறது. அமாக்ஸிசிலினால் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் கொல்ல முடியும். அமிலம் அதிகமாக இருக்கும்போது கிருமி பெருகாமல் சும்மா கிடக்கும். அமிலம் தணிந்தால்தான் பெருகத் தொடங்கும். சிலருடைய கல்லீரல் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை வெகு சீக்கிரம் சிதைத்துவிடுவதால் அவர்களுக்கு அமிலம் போதிய அளவு தணிவதில்லை. அமில மாத்திரை ஏதோ துணைக்குக் கொடுப்பது என்று நினைத்து அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மாத்திரை இல்லாமல் ஆன்டிபயாடிக் தன் வேலையைச் சரியாகச் செய்யாது.

எல்லோருக்கும் இந்த டெஸ்ட் வேண்டுமா?

இதில் நிபுணர்களிடையே முழு ஒருமித்த கருத்து இல்லை. 2022இல் வெளிவந்த ஆறாவது மாஸ்ட்ரிக்ட் அறிக்கை, வசதி இருந்தால் முதல் சிகிச்சைக்கு முன்பே செய்வது நல்லது என்கிறது. 2024இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், கிருமியின் தன்மை தெரியாத நிலையில் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறையை (அமில மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல்) 14 நாள் கொடுக்கச் சொல்கிறது. கிளாரித்ரோமைசின் மும்மருந்து முறையை, கிருமி அதற்குக் கட்டுப்படும் என்று தெரிந்தால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது.

நேர்மையாகச் சொன்னால், அந்த நான்கு மருந்து முறை டெஸ்ட் இல்லாமலே நன்றாக வேலை செய்கிறது. அதனோடு ஒப்பிடும்போது டெஸ்டின் வழிநடத்தலில் கிடைக்கும் கூடுதல் வெற்றி பெரிதாக இல்லை என்றே பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் டெஸ்ட் எதற்கு? நான்கு மருந்து முறையில் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் மாத்திரைகள் வரலாம். குமட்டல், வாயில் உலோகச் சுவை, கறுப்பாக மலம் போவது எல்லாம் வரும், நடுவிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிளாரித்ரோமைசினுக்குக் கட்டுப்படும் கிருமி என்று தெரிந்துவிட்டால் எளிய முறையே போதும். வேலை செய்யாத ஆன்டிபயாடிக்கை ஒருவர் உடம்பில் செலுத்தி, மற்ற கிருமிகளுக்கும் எதிர்ப்பைப் பழக்கிவிடும் அபாயமும் குறைகிறது. ஆகவே, எப்படியும் எண்டோஸ்கோப்பி செய்யப்போகிறார்கள் என்றால், முதல் தடவையே இந்த டெஸ்டுக்கும் திசு எடுக்கச் சொல்லிக் கேட்பது நியாயமானது என்பது என் கருத்து. முந்தைய சிகிச்சை தோற்றவர்களுக்கும், பென்சிலின் ஒவ்வாமை இருப்பதால் அமாக்ஸிசிலின் கொடுக்க முடியாமல் தேர்வுகள் சுருங்கியவர்களுக்கும் இதன் தேவை இன்னும் அதிகம்.

டெஸ்ட் வசதியே இல்லாத இடங்களில் டாக்டர் கேட்கும் ஒரு கேள்வி பாதி டெஸ்டுக்குச் சமம்: ‘இதற்கு முன் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறீர்கள்?’ சில ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுச் சளிக்குச் சாப்பிட்ட அசித்ரோமைசினை வயிற்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் எடுத்துப் போங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்வதையும் விட்டுவிடக் கூடாது. தொந்தரவு குறைந்ததை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சு டெஸ்ட் அல்லது மலத்தில் ஆன்டிஜென் டெஸ்ட் செய்ய வேண்டும். மூச்சு டெஸ்டில், அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அதை உடைத்துவிடும், அந்தக் கார்பன் நாம் வெளிவிடும் மூச்சில் தெரியும். ரத்தப் பரிசோதனை இதற்குப் பயன்படாது. கிருமி போன பிறகும் அதற்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் நெடுநாள் இருக்கும்.

அப்போதும் கிருமி இருக்கிறது என்று வந்தால், முதல் ரிப்போர்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த மருந்தை எழுதுவது சரியாக வராது. தோற்ற சிகிச்சையில் பயன்படுத்திய கிளாரித்ரோமைசினுக்கோ லெவோஃப்ளாக்ஸாசினுக்கோ கிருமி இதற்குள் புதிதாக எதிர்ப்பை வளர்த்துக்கொண்டிருக்கலாம். அந்த மருந்துகளை விட்டுவிட்டு மீதியில் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது புதிதாகத் திசு எடுத்து மறுபடி டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும்.